மல்லித்தழையும் மாத்திரை டின்னும்

கேள்வி: ஐப்பசியில் என் கணவருக்கு அறுபது முடிகிறது. சாந்தி கலியாணத்துக்கு முந்நூறு பேரை அழைத்திருக்கிறோம். சென்ற மாதம் அவருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வந்தன. சிங்கப்பூர் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த பழைய மாத்திரையை மூன்று நாள் கொடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. பிறகு மருத்துவமனையில் சேர்த்து ஏழு நாள் ஊசி போட்டார்கள். கல்ச்சர் பரிசோதனையில் ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் என்று வந்தது. பல மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’ என்று போட்டிருந்தது. எப்படி வந்தது என்று கேட்டதற்கு, சந்தைக் காய்கறியில் இந்தக் கிருமி நிறைய இருக்கிறது என்றார் அங்கிருந்த மருத்துவர். என் கணவர் சர்க்கரை நோய்க்காகத் தினமும் காலையில் முளைகட்டிய பயறும் வெள்ளரிக்காயும் பச்சையாகச் சாப்பிடுகிறவர். விருந்தில் பச்சடி, துவையல் எதுவும் வேண்டாம் என்கிறான் மகன். வினிகரில் ஊறவைத்தால் போதும் என்கிறாள் மருமகள். நான் உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவுகிறேன். எது சரி? பச்சைக் காய்கறியையே விட்டுவிட வேண்டுமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்:

அன்புள்ள ஆச்சி,

விருந்தில் பச்சடி இருக்கட்டும், துவையலும் இருக்கட்டும். வெள்ளரிக்காயை நன்றாகக் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். முளைகட்டிய பயறைப் பச்சையாகக் கொடுப்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிட்டு ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள். நீங்கள் கேட்டதற்கு நேரான விடை இவ்வளவுதான். ஆனால், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த ‘ஆர்’ என்னவென்று பார்ப்போம். காரைக்குடியில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் கணவரின் சிறுநீரில் ஒரு சொட்டுக்கும் குறைவாக எடுத்து, சத்துக்கூழ் ஊற்றிய வட்டத் தட்டில் இழுத்து, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்திருப்பார்கள். காலையில் திறந்தால் ஜவ்வரிசி அளவில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைத்திருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து வேறொரு தட்டு முழுவதும் பூசி, அதன்மேல் மருந்தில் நனைத்து உலர்த்திய காகித வில்லைகளை வைப்போம். ஒவ்வொன்றும் நெற்றிப்பொட்டு அளவுதான் இருக்கும். மறுநாள் பார்த்தால், வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிவான வட்டம் தெரியும். நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பீர்களே, அதே போல. ‘ஆர்’ என்றால் ‘ரெசிஸ்டன்ட்’, அதாவது மருந்துக்கு அடங்காதது. அந்தக் கோட்டை இருக்காது, இருந்தாலும் போதிய அளவில் இருக்காது. பெரும்பாலும் கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து புல்லாக மண்டியிருக்கும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் பெரிய வட்டங்களைத் தந்த மருந்துகளுக்கு இப்போது அப்படி வட்டமே விழாத தட்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கத்தான் செய்கிறது.

கிருமியின் பெயர் ஈ.கோலை. ஈஎஸ்பிஎல் என்பது கிருமியின் பெயர் அன்று. அந்தக் கிருமி கையில் வைத்திருக்கும் கத்தரி. பென்சிலின் வகையையும், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளையும் வேலை செய்யவிடாமல் வெட்டிப்போடும் நொதி அது. அந்தக் கத்தரியைச் செய்யும் குறிப்பு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் எழுதப்பட்டிருக்கும். ஈ.கோலை அதைப் படியெடுத்துப் பக்கத்தில் இருக்கும் கிருமிக்கும் கொடுத்துவிடும். அது வேற்று இனமாக இருந்தாலும் பங்காளிக்குப் பாகம் பிரித்துக் கொடுப்பது போலக் கொடுக்கும். ஆகவே, நோயே உண்டாக்காத ஒரு சாதுவான கிருமி மல்லித்தழையில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போனாலும், அது சுமந்துவரும் குறிப்பு நமக்குக் கெடுதல் செய்யக்கூடும்.

இனி, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை பெரும்பாலும் அவரவர் குடலில் ஏற்கெனவே குடியிருந்த கிருமிதான். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, சர்க்கரை ஏறியபோதோ சிறுநீர் தேங்கியபோதோ வழிதேடிக்கொண்டது. அது எந்த நாளில், எதன் வழியாகக் குடலுக்குள் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வெள்ளரிக்காயாக இருக்கலாம், குடித்த தண்ணீராக இருக்கலாம், மருத்துவமனைக் கட்டிலாக இருக்கலாம், வீட்டில் இன்னொருவர் கையாகவும் இருக்கலாம். 2019-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், இவ்வகை ஈ.கோலை ஊர்மக்களின் குடலுக்கு வந்து சேரும் வழிகளைக் கணக்கிட்டார்கள். பாதிக்கு மேல் மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது, உணவு அதற்கு அடுத்த இடத்தில்தான் இருந்தது. கழிவுநீரை முறையாகச் சுத்திகரிக்கும் நாட்டின் கணக்கு அது. நம் ஊரில் தண்ணீருக்கும் உணவுக்கும் இன்னும் கூடுதல் பங்கு இருக்கும் என்பது என் கருத்து. 2011-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகத் தில்லியில் தேங்கிய நீரிலும் குழாய் நீரிலும் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, இன்னும் கடுமையான என்டிஎம் என்ற கத்தரியின் மரபணு தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குழாய் நீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும் இருந்தது. தண்ணீருக்குள் வந்தது வயலுக்குள் வர எவ்வளவு நேரமாகும்?

அந்த மருத்துவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன். கேரட், முட்டைகோஸ், பீன்ஸ் எல்லாம் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மலையிலிருந்தும் பல கைகள் மாறி நமக்கு வருகின்றன. கீரையும் மல்லியும் புதினாவும் தரையோடு தரையாக வளர்கின்றன. சாக்கடை கலந்த வாய்க்கால் நீர் பாய்ந்தாலும், மக்காத சாணமும் கோழி எருவும் போட்டாலும், முதலில் அழுக்காவது இவைதான். குப்பையை முறையாகக் குவித்துப் புரட்டிவிட்டால் அந்தக் குவியல் 55 டிகிரிக்கு மேல் தானாகச் சூடேறி, பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். நன்றாக மக்கிய எருவுக்கும் பச்சைச் சாணத்துக்கும் உள்ள வேறுபாடு வெறும் சத்தில் மட்டும் இல்லை.

சந்தையில் கீரைக்கட்டு விற்கும் அம்மாவின் அருகில் ஒரு வாளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். வேரில் இருக்கும் மண் போகக் கட்டை அதில்தான் முக்கி எடுப்பார். வெயில் ஏறினால் அதே நீரைக் கையால் அள்ளிக் கோணிச்சாக்கின் மேல் தெளிப்பார். விடியற்காலையில் தெளிவாக இருந்த தண்ணீர் ஒன்பது மணிக்குத் தேநீர் நிறமாகிவிடும். ஒரு கட்டில் இருந்த அழுக்கு அன்றைக்கு எல்லாக் கட்டுகளுக்கும் பங்காகிவிடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் உட்காரும் இடத்தில் ஒரு குழாய் கிடையாது. காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர் மதியம் வரை ஒதுங்கவும் இடம் கிடையாது. சந்தையில் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்க வேண்டியவர்கள் காய் வாங்கும் நாமும்தான். நீங்கள் விசேஷம் வைத்திருப்பதோ ஐப்பசி. மழையில் சாக்கடை பொங்கிச் சந்தைத் தரைக்கே வந்துவிடும் காலம். தரையில் பரப்பிய கீரையை அந்த வாரங்களில் வாங்க வேண்டாம். மேசையிலோ கூடையிலோ வைத்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது உங்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று. மருந்துக்கு அடங்காத கிருமி சூட்டுக்கு அடங்கிவிடும். கத்தரி மருந்தைத்தான் வெட்டும், கொதிநீரை வெட்டாது. சாதாரண ஈ.கோலை சாகும் சூட்டில் இதுவும் சாகும். உணவின் நடுப்பகுதி வரை 70 டிகிரி ஏறினால் போதும். அந்த வகையில் நம் செட்டிநாட்டுச் சமையலைப் பற்றி நீங்கள் பயப்படவே வேண்டாம். வெண்டைக்காய் மண்டி கொதிக்கிறது, துவட்டல் சட்டியில் வேகிறது, கீரை குழைந்து மசியலாகிறது. துவையலுக்கு மல்லியையும் புதினாவையும் எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி அரைக்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். வதக்காமல் பச்சையாக அரைப்பது விருந்துச் சமையல் செய்யும் தவசிப்பிள்ளைகளிடம் இப்போது பரவியிருக்கிறது. நிறம் பளிச்சென்று இருப்பதுதான் காரணம். அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரசத்துக்கு மல்லித்தழையை இறக்கிய பிறகு தூவாமல், நுரை கட்டும்போதே போட்டு மூடிவிடச் சொல்லுங்கள்.

முளைகட்டிய பயறைப் பற்றி நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வகத்தில் கிருமி வளர்க்க எனக்கு என்னென்ன வேண்டும்? ஈரம், இளஞ்சூடு, சத்து, ஒன்றிரண்டு நாள் அவகாசம். ஈரத்துணியில் கட்டி வைத்த பயறில் இவை அத்தனையும் இருக்கின்றன. விதையின் கீறலுக்குள் ஒன்றிரண்டு கிருமி இருந்தாலும் முளை வெளியே வருவதற்குள் அது கோடிக்கணக்கில் பெருகிவிடும், கழுவினாலும் போகாது. 2011-இல் ஜெர்மனியில் ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்று, 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மேல் பழியைப் போட்டார்கள். விவசாயிகள் டன் கணக்கில் வெள்ளரியைக் கொட்டி அழித்தார்கள். கடைசியில் பார்த்தால் அது முளைகட்டிய வெந்தயம். எகிப்திலிருந்து வந்த விதை. அந்த ஈ.கோலையும் ஈஎஸ்பிஎல் கத்தரி வைத்திருந்ததுதான். பயறை இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவி கட்டினால் அதன் நன்மையில் பெரும்பகுதி அப்படியே இருக்கும், ஆபத்து போய்விடும்.

கழுவும் முறைக்கு வருவோம். உப்புத் தண்ணீர் புழுவையும் பூச்சியையும் வெளியே கொண்டுவரும், பாக்டீரியாவைக் கொல்லாது. மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரைவதே இல்லை, இலையில் ஒட்டிய கிருமியை அது ஒன்றும் செய்யாது. வினிகர் ஓரளவு குறைக்கும். ஆனால், அதற்கு நிறைய வினிகர் வேண்டும், காயும் புளிக்கும். கடையில் விற்கும் காய்கறி கழுவும் திரவங்களை நம்பிப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. சோப்பு கூடவே கூடாது. உங்கள் வீட்டுக்கு ஓடும் தண்ணீரே போதும். மல்லிக் கட்டின் வாழைநாரை அவிழ்த்து, வேரை வெட்டி எறிந்து, அழுகிய இலையை ஆய்ந்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்துக் கையால் அலசி, தழையை மேலே தூக்கி எடுங்கள். தண்ணீரைத் தழையோடு சேர்த்துச் சாய்த்தால் அடியில் படிந்த மண் மறுபடியும் இலையில் ஒட்டும். அடியில் மண் படியாத வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில் இருக்கட்டும். வெள்ளரி, கேரட் போன்றவற்றைக் குழாயடியில் பிடித்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தோல் சீவ வேண்டும். சீவிவிட்டுக் கழுவினால் தோலில் இருந்த அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும். இப்படிக் கழுவினாலும் பத்தில் ஒன்பது பங்கு, மிஞ்சினால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு கிருமிதான் போகும். முழுவதும் போக அடுப்பு ஒன்றே வழி.

முந்நூறு பேர் விருந்துக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். பச்சையாகப் பரிமாறும் வெள்ளரி, வெங்காயம், மல்லித்தழை இவற்றுக்கு மட்டும் குளோரின் நீர் வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்கு உகந்தது என்று அட்டையில் போட்டிருக்கும், வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி வீதம் கலந்தால் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவு வரும். மண்ணை முதலில் அலசிவிட்டு, முழுக் காயாக ஐந்து நிமிடம் அதில் போட்டெடுத்து, குடிதண்ணீரில் அலசிவிடுங்கள். மண்ணோடு போட்டால் குளோரின் மண்ணிலேயே தீர்ந்துபோகும். கழிப்பறைக்கு வாங்கும் பிளீச்சிங் திரவத்தை இதற்கு எடுக்கவே கூடாது.

எனக்குக் கழுவுவதைவிடப் பெரிய கவலை முதல்நாள் இரவு பற்றித்தான். வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) விளக்கைப் போட்டுக்கொண்டு, உறவெல்லாம் சுற்றி உட்கார்ந்து, பேச்சும் சிரிப்புமாக அரிவாள்மனைகளில் காய் நறுக்கும் அழகு எனக்கும் பிடிக்கும். வேகவைக்கும் காய்களை அப்படியே நறுக்குங்கள். பச்சடிக் காயை மட்டும் நறுக்காதீர்கள். முழு வெள்ளரியின் தோல் ஒரு கோட்டைச் சுவர். நறுக்கிவிட்டால் சுவர் போய், சாறு வெளியே வந்துவிடும். நல்ல வெதுவெதுப்பில் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஒரு கிருமி ஆறு மணி நேரத்தில் 2,62,144 ஆகும். பந்தி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நறுக்கி, குளிர்ந்த தயிரில் கலந்து, இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிடுங்கள். தயிரின் புளிப்பு கிருமியைத் தாமதப்படுத்தும், ஆனால் கொன்றுவிடாது. இரண்டாம் பந்திக்கு இரண்டாவது தடவையாகக் கலக்கட்டும். நறுக்குகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வளவிலேயே ஒரு குழாயோ அண்டாவோ வையுங்கள். வயிற்றுப்போக்கு இருப்பவரை, அவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும், பரிமாறும் பக்கம் அனுப்பிவிடாமல் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். வாழையிலைக் கட்டையும் மறந்துவிட வேண்டாம். அதுவும் கீரை வந்த அதே வண்டியில்தான் வருகிறது.

இதோடு ஒன்று. மற்ற நாட்களில் வீட்டில் கோழி அறுத்த அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கினால் மேலே சொன்ன கழுவல் எல்லாம் வீண். பச்சைக் கோழிக்கறியில் இந்தக் கிருமிகள் காய்கறியைவிடத் தாராளமாக இருக்கும். காய் வேலை முழுவதும் முடிந்த பிறகு கறியைத் தொடுங்கள்.

இனி அந்த வரி. “சிங்கப்பூர் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த பழைய மாத்திரை.”

உங்களைக் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை, ஆச்சி. என் தாயார் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு டின் இருந்தது, நான் மருத்துவம் படித்துவிட்டு வந்த பிறகும் இருந்தது. அக்கறையில் சேர்ப்பதுதான். ஆனால், அந்த மூன்று நாளில் உங்கள் கணவரின் குடலுக்குள் நடந்திருக்கக்கூடியது இது: மருந்துக்கு அடங்குகிற நல்ல கிருமிகள் செத்தன, அடங்காதவை மிஞ்சின. நெல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கோரையை வயலில் விட்டுவைத்த மாதிரி. இடமும் சத்தும் முழுவதும் கோரைக்கே கிடைத்தன. நீரிழிவு உள்ளவருக்குக் குளிர்காய்ச்சலோடு மூன்று நாள் கழிந்ததே பெரிய ஆபத்து. நல்ல வேளையாக நீங்கள் அதற்குமேல் காத்திருக்கவில்லை.

அங்கேயே அது நின்றுவிடவும் இல்லை. மிஞ்சிய கிருமி கழிப்பறைக்குப் போகிறது, மூடாத தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்கால் எங்கோ ஒரு கீரைப் பாத்திக்குப் பாய்கிறது. சந்தைக் காய்கறியில் அடங்காத கிருமி இருக்கிறது என்று நாம் பயப்படுகிறோம். அதைப் பழக்கி அனுப்பியதில் நம் வீட்டு டின்களுக்கும், சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்கும் கடைகளுக்கும், கோழிப் பண்ணைகளுக்கும் பங்கு இருக்கிறது. கோழி வளர்ப்பில் கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைப் பயன்படுத்துவதை 2019-இல் நம் நாடு தடை செய்தது. மனிதருக்கான பல மருந்துகளை எச்1 பட்டியலில் சேர்த்து, சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. விதி புதிதாக இருக்கலாம், எச்சரிக்கை பழையது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு வாங்கிய சொற்பொழிவிலேயே, இந்த மருந்து கடையில் எவரும் வாங்கக் கிடைக்கும் காலம் வந்தால் குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே, இன்று மாலை அந்த டின்னைத் திறந்து, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு போட்டிருப்பவை மருத்துவர் எழுதித் தராமல் சாப்பிடக் கூடாதவை. ஆன்டிபயாட்டிக் எல்லாம் அதில்தான் வரும். கோடு அழிந்த பழைய அட்டைகளும் பெயர் தெரியாத உதிரி மாத்திரைகளும் இருந்தால் அவற்றையும் சேர்த்து ஒதுக்குங்கள். கழிப்பறையிலோ ஊருணியிலோ போடாமல், ஒரு பொட்டலமாகக் கட்டி, அடுத்த முறை மருத்துவமனை போகும்போது மருத்துவக் கழிவோடு சேர்க்கக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணவரின் குடலில் அந்தக் கிருமி இன்னும் சில மாதம் இருக்கலாம். தொந்தரவு இல்லாதபோது அதை ஒழிக்க மருந்து தேவையில்லை, மறுபடி கல்ச்சர் எடுத்துப் பார்க்கவும் தேவையில்லை. தட்டையும் தம்ளரையும் தனியாகப் பிரித்து அவர் மனத்தை நோகவைக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் அவர் மடியில் தாராளமாக உட்காரட்டும். கழிப்பறை போய்வந்ததும், சாப்பிடுமுன்னும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், சிறுநீரை அடக்க விடாதீர்கள்.

அந்தக் கல்ச்சர் அறிக்கையை ஒரு நகல் எடுத்து, அவருடைய சர்க்கரைச் சீட்டுகளோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். மறுபடியும் எரிச்சலோ காய்ச்சலோ கண்டால் அன்றே மருத்துவரிடம் போய், அவர் பேனாவை எடுப்பதற்கு முன்னால் அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.